நிணநீர் மசாஜ்: அழுத்தாத கைக்கு என்ன வேலை?

மசாஜ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எண்ணெய், பலமான கை, "அங்கதான், இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்று ஒரு முனகல். வலித்தால்தான் வேலை செய்கிறது என்பது பலருடைய கணக்கு. அந்தக் கணக்கோடு நிணநீர் வடிகால் மசாஜுக்குப் போய்ப் படுத்தால் முதல் பத்து நிமிடத்தில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எண்ணெய் இருக்காது. அழுத்தமும் இருக்காது. கால் வீங்கியிருக்கிறது என்று போயிருப்போம். மசாஜ் செய்பவரோ கழுத்துக்குக் கீழே விரல்களை வைத்து, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும்.

ஆனால் அந்த மெதுவிலும், கழுத்தில் ஆரம்பிக்கும் அந்த வரிசையிலும்தான் விஷயமே இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் நிணநீர் என்பது என்ன, அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ரத்தத்திலிருந்து கசியும் நீர்

இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தம் தமனிகள் வழியாகப் போய், முடியைவிட மெல்லிய நுண்குழாய்களுக்குள் நுழைகிறது. இந்த நுண்குழாய்களின் சுவர் கொஞ்சம் கசியும். கசியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் சுமந்து வரும் சத்துகள் செல்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அப்படிக் கசிந்த நீர், செல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளை நிரப்புகிறது. செல்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை அதில் விடுகின்றன.

சரி, கசிந்த நீர் அங்கேயே நின்றுவிட்டால்? உடம்பு ஊதிப்போகும். அதனால் அது மறுபடி ரத்தத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதைத் திரும்ப அழைத்துப்போகும் தனிப் பாதைதான் நிணநீர் மண்டலம். இடுக்குகளில் இருக்கும் நீர் இந்தப் பாதையின் குழாய்களுக்குள் நுழைந்தவுடன் அதற்குப் பெயர் நிணநீர். டாக்டர்கள் லிம்ஃப் என்பார்கள். இப்படி ஒரு நாளில் ரத்தத்துக்குத் திரும்பும் நிணநீர் 2 முதல் 3 லிட்டர் வரை இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் மொத்த பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, ஏறக்குறைய 3 லிட்டர்தான். ஆக, இந்தப் பாதை ஒரே ஒரு நாள் முழுதாக அடைபட்டாலும் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு விஷயம், இதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நீரோடு சேர்ந்து கொஞ்சம் புரதமும் ரத்தத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. புரதத்தின் மூலக்கூறு பெரிது. வந்த வழியே நுண்குழாய்க்குள் திரும்பிப் போக அதனால் முடியாது. அதற்கு இருக்கும் ஒரே வாசல் நிணநீர்க் குழாய்தான்.

போகிற வழியில் நிணநீர் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். நிணநீர் முடிச்சுகள் என்று அவற்றுக்குப் பெயர். உடம்பு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 600 இருக்கும். அவரை விதை அளவில், கொத்துக் கொத்தாகக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வயிற்றுக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன. காலில் ஒரு புண் வந்து பழுத்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று சொல்வோம் அல்லவா, அந்த நெறி இதுதான். புண்ணிலிருந்து நிணநீரோடு வந்த கிருமியை முடிச்சு பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவதால் வரும் வீக்கம் அது. நிணநீர் என்ற சொல்லே கேள்விப்படாதவர்களுக்கும் நெறி கட்டுவது தெரிந்திருக்கிறது.

ரத்த ஓட்டம் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம், இதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. காரணம் எளிது: கண்ணுக்குத் தெரியாது. குழாயும் மெல்லியது, உள்ளே ஓடும் நீருக்கும் பெரிதாக நிறம் கிடையாது. 1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர், நன்றாகத் தீனி தின்றிருந்த ஒரு நாயை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் போல ஏதோ கசிந்தது. சாப்பாட்டில் இருந்த கொழுப்பைக் குடலிலிருந்து சுமந்துபோகும் நிணநீர்க் குழாய்கள் அவை. அந்த நாய் பட்டினியாக இருந்திருந்தால் அவருக்கும் அவை கண்ணில் பட்டிருக்காது.

தள்ளிவிட ஆள் இல்லாத ஓட்டம்

ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. பிறகு பாதத்தில் இருக்கும் நீர் கழுத்து வரை எப்படி ஏறுகிறது?

பல சின்னச் சின்ன உதவிகளால். பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரிலேயே தசை இருக்கிறது. குழாய் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்க, ஒவ்வோர் அறையும் நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கி, அடுத்த அறைக்கு நீரைத் தள்ளிவிடும். அறைகளுக்கு நடுவே ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. தள்ளிய நீர் திரும்பி வராது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை குழாய்களை நெருக்கி இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும், அதனால் வயிற்றிலிருந்து நிணநீர் மேல்நோக்கி உறிஞ்சப்படும். நீண்ட பேருந்துப் பயணம் முடிந்து இறங்கும்போது செருப்பு இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கால் தொங்கிக்கொண்டே இருந்தது, தசைக்கு வேலை இல்லை, மேலே தள்ள ஆள் இல்லை.

ஓட்டம் கடைசியில் போய்ச் சேரும் இடம் கழுத்தின் அடிப்பக்கம். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிறதே காறை எலும்பு, அதன் பின்னால் இரண்டு பெரிய சிரைகள் சந்திக்கும் மூலையில் நிணநீர் ரத்தத்தில் கலக்கிறது. இந்த மூலை இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் பங்கீடு சமமாக இல்லை. இரண்டு கால்கள், வயிறு, இடது கை, தலையின் இடது பாதி எல்லாம் இடது பக்க மூலைக்குப் போகின்றன. வலது கைக்கும் நெஞ்சு, தலை இவற்றின் வலது பாதிக்கும் மட்டும்தான் வலது மூலை. வலது காலின் வீக்கத்துக்கு இடது காறை எலும்புப் பக்கம் கை வைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இப்போது கூட்டமான ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முன்வாசல் வழியாக இறங்க வேண்டும். பின்னால் நிற்பவரைப் போட்டுத் தள்ளினால் நடுவில் இருப்பவர்கள்தான் நசுங்குவார்கள். வாசல் பக்கம் நிற்பவர் முதலில் இறங்கினால் அடுத்தவர் நகர்வார், அப்புறம் அதற்கடுத்தவர். நிணநீர் மசாஜின் வரிசை இதுதான். முதலில் கழுத்து அடியில் இருக்கும் வாசல், பிறகு அக்குள் அல்லது தொடை இடுக்கில் இருக்கும் முடிச்சுகள், பிறகு மேல்கை, முழங்கை, முன்கை, கடைசியாகத்தான் வீங்கிய விரல்கள். எந்த இடத்தில் வேலை செய்தாலும் கை நீரைத் தள்ளுவது எப்போதும் வாசலை நோக்கித்தான்.

அழுத்தினால் ஏன் ஆகாது

நிணநீர்ப் பாதையின் ஆரம்பக் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே வலைபோலப் பரவியிருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள செல்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி அமர்ந்திருக்கும். அந்த விளிம்புகள்தான் கதவு. ஒவ்வொரு கதவிலிருந்தும் மெல்லிய இழைகள் வெளியே போய்ச் சுற்றியுள்ள திசுவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோல் லேசாக இழுபட்டால் இழை இழுபடும், இழை இழுத்தால் கதவு திறக்கும், வெளியே நிற்கும் நீர் உள்ளே போகும். கையை எடுத்தால் தோல் தானாகப் பழைய இடத்துக்கு வரும், கதவு சாத்திக்கொள்ளும்.

ஆக, இங்கே வேண்டியது தோலின் இழுவை. தசையைப் பிசையும் வேகத்தில் அழுத்தினால் அந்த மெல்லிய குழாய்கள் தட்டையாகிவிடும். அதோடு, நன்றாகத் தேய்த்தால் அந்த இடம் சிவக்கிறது அல்லவா? அங்கே ரத்த ஓட்டம் கூடிவிட்டது என்று பொருள். ரத்தம் கூடினால் கசிவும் கூடும். வீக்கத்தைக் குறைக்கப் போய், கூடுதல் நீரை வரவழைத்தது போலாகிவிடும்.

எவ்வளவு மெதுவு என்று தெரிய ஒரு சோதனை. இடது புறங்கையில் வலது கையின் விரல்களைத் தட்டையாக வையுங்கள். விரல் தோல்மீது வழுக்கக் கூடாது. விரலோடு சேர்ந்து தோல் நகர வேண்டும், அது எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவுதான். பிறகு இழுவையை விட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் எலும்போ நரம்போ விரலுக்குத் தட்டுப்பட்டால் அழுத்தம் கூடிவிட்டது. எண்ணெய் ஏன் கூடாது என்பதும் இப்போது புரிந்திருக்கும். வழுக்கும் விரல் தோலை இழுக்காது. ஒரே இடத்தில் இப்படி ஐந்து முதல் ஏழு தடவை, அவசரமில்லாமல். நிணநீர்க் குழாயின் சொந்தத் துடிப்பே மெதுவானதுதானே, கையும் அந்தச் சாவகாசத்தில்தான் போக வேண்டும்.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்கள் என்று டென்மார்க்கைச் சேர்ந்த எமில் ஃபொட்டர், எஸ்ட்ரிட் ஃபொட்டர் தம்பதியைச் சொல்வார்கள். 1930களில் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள கான் நகரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சளியும் ஜலதோஷமும் விடாமல் வந்து அவதிப்பட்டவர்கள் பலர் அவர்களிடம் வந்தார்கள். கழுத்தில் எல்லோருக்கும் நெறி கட்டியிருந்தது. வீங்கிய நெறியைத் தொடவே கூடாது என்பது அந்தக் கால வைத்தியர்கள் வைத்திருந்த விதி. ஃபொட்டர் தொட்டார், ஆனால் மிக லேசாக. 1936-இல் பாரிசில் தன் முறையை எல்லோருக்கும் காட்டினார். வீங்கிய கைகால்களுக்குத் துணிக்கட்டும் மசாஜும் சேர்த்துச் செய்வதை அவருக்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, அலெக்ஸாண்டர் ஃபொன் வினிவார்ட்டர் என்ற ஆஸ்திரிய அறுவை மருத்துவர் எழுதி வைத்திருந்தார். அது அப்படியே மறந்துபோயிருந்தது. பின்னாளில் ஜெர்மனியில் மிகாயேல் ஃபெல்டியும் எத்தல் ஃபெல்டியும் இரண்டையும் கோத்து ஒரு முழுமையான சிகிச்சையாக்கினார்கள்.

உண்மையில் யாருக்கு உதவும்?

இந்த மசாஜ் மருத்துவத்துக்குள் இடம்பிடித்தது ஒரு குறிப்பிட்ட நோயால்தான்: நிணநீர் வீக்கம், டாக்டர் வாயில் லிம்ஃபெடிமா. நிணநீர்ப் பாதை எங்கோ அறுபட்டோ அடைபட்டோ போனதால் ஒரு கையோ காலோ வீங்கி நிற்கும் நிலை. சிலருக்குப் பிறவியிலேயே குழாய்கள் சரியாக அமைந்திருக்காது. உலகம் முழுவதும் பார்த்தால் இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று யானைக்கால் நோய். கொசு கொண்டு வரும் நூல்போன்ற புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியேறி அதைக் கெடுத்துவிடுகிறது. மற்றொன்று புற்றுநோய் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளில் உள்ள முடிச்சுகளையும் எடுப்பார்கள், சில சமயம் அங்கே கதிரியக்கமும் கொடுப்பார்கள். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு அந்தப் பக்கத்துக் கை வீங்குகிறது. நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வீக்கம் ஒரே நாளில் வந்துவிடாது. மோதிரம் இறுக்கும். வளையல் ஏறாது. கை கனமாக இருப்பதுபோல ஓர் உணர்வு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆரம்பத்தில் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழும், இரவு கையைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டால்? நினைவில் வைக்கச் சொன்னேனே புரதம், அது இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. வெளியேற வழியில்லாமல் தேங்கிய புரதம் மேலும் நீரை இழுக்கும். உடம்பு அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் போட ஆரம்பிக்கும். தோல் தடிக்கும், அமுக்கினாலும் குழி விழாது. சின்னக் கீறலிலும் கிருமி புகுந்து காய்ச்சலாகும்.

சிறுநீர் போகும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு ஏன் தீர்வாகாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மாத்திரை நீரை எடுக்கும், புரதம் அங்கேயே இருக்கும், புரதம் மறுபடி நீரைச் சேர்க்கும்.

மசாஜ் இங்கே என்ன செய்கிறது? அறுபட்ட பாதைக்கு மாற்றுப் பாதை காட்டுகிறது. நம் தோலில் நிணநீருக்கு எல்லைகள் உண்டு. உடம்பின் நடுக்கோடு ஒன்று, இடுப்பளவில் ஒன்று. ஒவ்வொரு பகுதியின் நீரும் அதனதன் முடிச்சுகளுக்குப் போகும். ஆனால் எல்லையில் நூலிழைபோல இணைப்புக் குழாய்களும் இருக்கின்றன. இடது அக்குள் முடிச்சுகள் போய்விட்டால், பயிற்சி பெற்ற கை அந்தப் பக்கத்து நீரை நெஞ்சைத் தாண்டி வலது அக்குளுக்கோ, விலாப்பக்கமாக இறக்கி இடது தொடை இடுக்குக்கோ ஓட்டிவிடப் பார்க்கும். அப்படி ஓட்டுவதற்கு முன், போய்ச் சேர வேண்டிய முடிச்சுகளைத் தயார் செய்து வைக்கும். மறுபடியும் வாசல்தான் முதலில்.

ஆனால் மசாஜ் மட்டும் போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. முழுச் சிகிச்சையில் நான்கு இருக்கின்றன: மசாஜ், அடுக்கடுக்கான துணிக்கட்டு அல்லது இறுக்கமான கையுறையோ காலுறையோ, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. மசாஜ் வடித்த நீர் ஒரு நாளுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், கட்டு இல்லாவிட்டால். இந்தக் கட்டு அதிகம் நீளாத துணியில் இருக்கும்; தசை அசையும்போது அந்தக் கட்டில் முட்டித் திரும்பும் அழுத்தமே பம்ப் வேலையைச் செய்துவிடும்.

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றி 2015-இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, இந்த மசாஜ் பாதுகாப்பானது என்றது. கட்டோடு சேர்த்துச் செய்தால் வீக்கம் இன்னும் கொஞ்சம் குறையக்கூடும், அதுவும் லேசான, நடுத்தர வீக்கம் உள்ளவர்களுக்கு என்றும் சொன்னது. அதற்குப் பிறகு பெல்ஜியத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, மற்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு மசாஜால் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை என்று முடித்தது. என் கணிப்பில் கட்டும் பயிற்சியும்தான் தூண்கள், மசாஜ் துணைக்கை. ஆனால் நாள் முழுக்கக் கனத்துக் கிடக்கும் கைக்கு அந்த ஒரு மணி நேரம் தரும் லேசான உணர்வை ஒன்றுமில்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை. நீண்ட நாள் கட்டோடு வாழ வேண்டியவருக்கு அதுவும் ஒரு மருந்துதான்.

மற்ற பலன்கள்

நோய் எதுவும் இல்லாதவர்களும் இதற்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் முதல் பலன் ஓய்வு. வலியில்லாமல், ஒரே தாளத்தில், மெதுவாகத் தொடும் கை நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. மூச்சு நீள்கிறது, பாதியில் தூங்கிவிடுகிறவர்கள் நிறைய. இறுகிக்கிடக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அழுத்தமான மசாஜைத் தாங்க முடியாத வயதானவர்களுக்கும், தொட்டாலே உடம்பு வலிக்கும் என்பவர்களுக்கும் இந்தக் கை ஒத்துவரும்.

அறுவை சிகிச்சை, சுளுக்கு இவற்றுக்குப் பின் வரும் வீக்கத்துக்கும் இதைச் செய்கிறார்கள். நம் குழாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, திடீரென்று வேலை கூடிவிட்டது, கொஞ்சம் கைகொடுப்போம் என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை. யோசனை நியாயமானது. ஆனால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்துகொள்வதில் தவறில்லை.

முகத்துக்குச் செய்வது இப்போது பெரிய மோகம். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் கண்ணுக்குக் கீழே நீர் கோத்து முகம் உப்பியிருக்கும். லேசாகக் கழுத்தை நோக்கி வடித்துவிட்டால் முகம் தெளிவது உண்மை. எழுந்து ஒரு மணி நேரம் நடமாடினாலும் அதே வேலை நடந்துவிடும் என்பதும் உண்மைதான்.

அப்புறம், அந்தக் 'கழிவு வெளியேற்றம்'. உடம்பில் தேங்கிய நச்சையெல்லாம் இந்த மசாஜ் வெளியேற்றும் என்று படிக்காத நாள் இல்லை. எந்த நச்சு என்று கேட்டால் பெயர் வராது. நிணநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தோம்: ரத்தத்தில். உடம்புக்கு வெளியே அதற்கு வாசல் கிடையாது. நச்சை முறிப்பது கல்லீரல், வடிகட்டி வெளியே அனுப்புவது சிறுநீரகம். இரண்டும் மசாஜுக்காகக் காத்திருப்பதில்லை. எடை குறையும் என்பதும் இதே ரகம். மசாஜ் முடிந்ததும் அளவுநாடாவில் இடுப்பு ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் போனது நீர். கொழுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நல்ல ஒரு விஷயத்தை இல்லாத பலனைச் சொல்லி விற்கும்போது, உள்ள பலனையும் யாரும் நம்பாமல் போகிறார்கள்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

இவ்வளவு மெதுவான ஒன்றால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று தோன்றும். மெதுவாக இருந்தாலும் இது நீரை நகர்த்துகிறது. நகரக் கூடாதது எதுவும் அதில் இருக்கக் கூடாது, நகர்ந்த நீரைத் தாங்கும் தெம்பு இதயத்துக்கும் இருக்க வேண்டும்.

இதயம் பலவீனமாகி அதனால் கால் வீங்கியிருப்பவருக்கு இந்த மசாஜ் ஆபத்து. வடித்த நீர் அத்தனையும் நேராக இதயத்துக்குத்தான் போகும், ஏற்கெனவே திணறுகிற இதயம் இன்னும் திணறும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் இதே நியாயம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், வலி, சூடு என்றால் சிரைக்குள் ரத்தக்கட்டி இருக்கலாம். அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று. மருந்து எடுத்து அடங்கும் வரை மசாஜ் வேண்டாம். புற்றுநோய் இருப்பவர்களும் சிகிச்சையில் இருப்பவர்களும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

கழுத்தில் கை வைப்பதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் பெரிய தமனியில் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. அதை அழுத்தினால் இதயத்துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம். வயதானவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், தமனியில் அடைப்பு உள்ளவர்கள் கழுத்தைத் தவிர்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுப் பகுதியில் செய்யக் கூடாது.

நெறி கட்டியிருப்பதைக் கரைக்க இதைச் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். சளி, பல்வலி, புண் என்று காரணம் தெரிந்தால் அது சரியானதும் நெறியும் அடங்கிவிடும். காரணமே தெரியாமல், வலியில்லாமல், கல் மாதிரி கெட்டியாக இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டிக்கு மசாஜ் பதில் இல்லை, பரிசோதனைதான் பதில்.

வீட்டில் செய்துகொள்ள

மேலே சொன்ன சிக்கல் எதுவும் இல்லாதவர்கள், அலைச்சலில் கால் கனத்த நாளில், படுத்தபடியே செய்துகொள்ளலாம். காலைத் தலையணைமேல் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கையை வயிற்றில் வைத்து, வயிறு எழும்பும்படி ஐந்தாறு முறை ஆழமாக மூச்சு விடுங்கள். மூச்சு வயிற்றில் இருக்கும் பெரிய குழாய்களை அசைத்துவிடும். இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்வதில் அர்த்தமில்லை. பிறகு காறை எலும்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை உள்ளேயும் கீழேயுமாக லேசாக நகர்த்தி விடுங்கள், பத்து தடவை. அடுத்து தொடை இடுக்கில் அதே மாதிரி. அப்புறம் தொடையின் மேல்பகுதியை இடுப்பை நோக்கி, அதற்குப் பின் முழங்காலுக்கு மேல்பகுதி, முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால், கணுக்கால். ஒவ்வொன்றையும் மேல்நோக்கி. கணுக்காலைத் தொட்ட பிறகு வந்த வழியே ஒருமுறை மேலே போய் முடித்துவிடலாம். கால்மணி நேரம் ஆகும். முடிந்ததும் பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை ஆட்டுங்கள். நேர்மையாகச் சொன்னால், இந்த ஆட்டலும் ஒரு நடையும் பாதி வேலையைச் செய்துவிடும்.

நிணநீர் வீக்கம் என்று டாக்டர் சொல்லிவிட்டவர்கள் இந்தப் பொது வழியைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு எந்த முடிச்சு இருக்கிறது, எது போய்விட்டது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு வீட்டிலேயே தொடரலாம். பழகிப் போய்த் தடித்த வீக்கத்தில் அவர் வேண்டுமென்றே சற்று அழுத்தமாகவும் செய்வார். எங்கே, எப்போது, எவ்வளவு என்பது அவர் கை கண்டு வைத்திருக்கும் கணக்கு.

யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உங்களுக்கு இதயம், சிறுநீரகம், ரத்தக்கட்டி ஏதாவது பிரச்சினை உண்டா என்று அவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். பிறகு நீங்கள் கேளுங்கள்: "கால் வீக்கத்துக்கு எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?" எண்ணெயை எடுத்துக்கொண்டு நேராகப் பாதத்துக்குப் போகிறவர் வேறு ஏதோ நல்ல மசாஜ் தெரிந்தவராக இருக்கலாம். கழுத்திலிருந்து என்று சொல்பவரிடம் படுத்துக்கொள்ளுங்கள்.